சமம்தான், சேர்க்க முடியாது

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் அப்போது ஒரு தனியார் மகளிர் கல்லூரி இருந்தது. இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தில் ஏதோ குடோன் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை. அந்தக் கல்லூரியின் அலுவலகத்தில்தான், நான் படித்த படிப்பு ஒரு படிப்பே இல்லை என்று முதன்முதலாக முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

சொன்னவர் அலுவலக சூப்பிரண்டு. அந்தக் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவர் மேசையில்தான் முடிவாகும். பிரின்சிபால் அம்மாள் கையெழுத்து மட்டும் போடுவார். என்னுடைய சான்றிதழைச் சூப்பிரண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

"இதுல ப்ளஸ் டூ எங்கம்மா இருக்கு?"

"இதுதான் சார். ஏ லெவல்னு சொல்லுவாங்க. ப்ளஸ் டூ மாதிரி."

"மாதிரியெல்லாம் வேணாம். மார்க் எங்க? ஏ, பி, பின்னு போட்டிருக்கு. அப்ளிகேஷன்ல ஆயிரத்தி எரநூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டிருக்கோம். எழுத்தை எப்படிம்மா கூட்டுறது?"

 அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"தமிழ் எங்க?"

"அங்க தமிழ் கெடையாது சார்."

"மூணே மூணு பாடத்தைப் படிச்சிட்டு வந்து ப்ளஸ் டூங்கற. இங்க எங்க புள்ளைங்க ஆறு பாடம் படிக்கிதுங்க." பிறகு அத்தாவிடம் திரும்பி, "ஏன் பாய், நீங்க இருந்த ஊர்ல ஒழுங்கான ஸ்கூலே இல்லியா?" என்றார்.

அத்தா சிரித்தார். அவமானப்படும்போது சிரிப்பது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வாய் துடித்தது.

"சார், இந்த சர்டிபிகேட்டை வெச்சு லண்டன்லயே காலேஜ்ல சேரலாம்."

"அப்ப லண்டன்லயே சேந்துக்கம்மா," என்றார் சூப்பிரண்டு. அலுவலகம் முழுவதும் சிரித்தது. தட்டச்சுக்காரப் பெண் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

நான் அந்த மாதிரியான சான்றிதழோடு வந்து நின்றதற்குக் காரணம் உண்டு. பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம் லப்பைக்குடிக்காட்டில் என்றாலும் வளர்ந்தது வளைகுடாவில், ஒரு சின்னத் துறைமுக ஊரில். அத்தா அங்கே கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இந்தியப் பள்ளிக்கூடம் தலைநகரத்தில்தான் இருந்தது. பாலைவனத்தைத் தாண்டிப் போகவேண்டும், தினமும் போய் வர முடியாது. எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பள்ளி. அதில் இங்கிலாந்துப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்புக்குப் பதில் ஓ லெவல், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதில் ஏ லெவல். வினாத்தாள் லண்டனிலிருந்து உறை பிரிக்காமல் வரும். விடைத்தாள் அங்கேயே திரும்பிப் போகும். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அந்த எழுத்துகளை வாங்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளியில் என்னைச் சேர்த்தபோதே ஊரில் தகராறு. அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, என்னை ஊருக்கு அனுப்பச் சொன்னார். தன் மகளோடு சேர்ந்து உள்ளூர்ப் பள்ளியில் படிக்கட்டும், பெண்பிள்ளைக்கு அது போதும் என்றார். அத்தா வாழ்நாளில் அண்ணன் பேச்சைத் தட்டியது அந்த ஒரு முறைதான். "எம் பொண்ணு எங்கூட இருக்கட்டும்ணே" என்று தொலைபேசியில் சொன்னாராம். பெரியத்தா அதை மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

நான் ஏ லெவல் முடித்த வருடக் கடைசியில் அத்தாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தோம். பூர்வீக வீட்டின் முன்பாதியில் பெரியத்தா குடும்பம், பின்பாதியில் நாங்கள். பெரியத்தாவுக்குப் பெரம்பலூரில் சிமெண்ட், கம்பிக் கடை. அத்தா அந்தக் கடையில் போய் உட்கார ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் அண்ணன் கடையில் சிமெண்ட் மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்த்தார். அவரை ஊரில் ஒருவரும் குறைவாகப் பேசவில்லை. பேசத் தேவையே இருக்கவில்லை. பெரியத்தா தினமும் அவரைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, வருகிற போகிறவர்களிடம், "தம்பி வந்துட்டான், இனி எங்கூடத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் நடந்தது அன்று மாலையே முன்பாதிக்குத் தெரிந்துவிட்டது. அத்தாதான் சொன்னார். அண்ணனிடம் எதையும் மறைக்க அவருக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பெரியத்தா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "லண்டன் பரிச்சை எழுதுன புள்ளைக்கு அரியலூர் ரோட்டுல எடம் இல்லியாம்." பிறகு அத்தாவைப் பார்த்து, "நான் அன்னிக்கே என்ன சொன்னேன்?" என்றார்.

"சொன்னீங்கண்ணே," என்றார் அத்தா.

 பெரியத்தாமீது வந்த கோபத்தைவிட அந்த 'சொன்னீங்கண்ணே'மீது வந்த கோபம் அதிகம்.

அந்த வாரத்திலேயே மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. பெரியம்மாவின் அண்ணன் மகன், குவைத்தில் ஒரு ஏசி கம்பெனியில் வேலை. அவனுக்கு இங்கிலீஷ் பேசுகிற பெண் வேண்டுமாம். கல்லூரியில் செல்லாத என் சான்றிதழ் கல்யாணத்துக்கு நன்றாகவே செல்லும் என்று ஆகிவிட்டது.

அம்மா மட்டும் வாயைத் திறந்தார். "அவளுக்குப் படிக்கணும்னு இருக்கு. மொதல்ல அதை என்னான்னு பாப்போம்."

"பாருங்க பாருங்க," என்றார் பெரியத்தா. "எத்தினி ஆபீஸ் இருக்கோ அத்தினியும் ஏறி எறங்குங்க. இன்ஷா அல்லா, அதுக்குள்ள மாப்பிள்ளை லீவுல வந்துருவான்."

திருச்சியில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு அத்தாவோடு போனேன். வெளிநாட்டுச் சான்றிதழ்களை நாங்களாக முடிவு செய்வதில்லை, டெல்லியில் இதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அது நம் நாட்டு ப்ளஸ் டூவுக்குச் சமம் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். நகல்களில் கையெழுத்து வாங்க அலைந்தோம். ஓர் அரசு டாக்டர், "இது என்னான்னே தெரியாம நான் எப்படிங்க உண்மை நகல்னு போடுறது?" என்று திருப்பி அனுப்பினார். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டியும் போடவில்லை. இன்னொருவர் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருந்த அந்த நாட்களில் பெரியத்தாவின் மகள் எங்கள் பக்கம் வரவே இல்லை. என் வயதுக்காரி. அதே வருடம் ப்ளஸ் டூ முடித்தவள். தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அவளிடம் அந்தச் சூப்பிரண்டு கூட்டிப் பார்க்கக்கூடிய எண்கள் இருந்தன. கிணற்றடியில் ஒருநாள் அவளிடம், "நீ ஏன் அப்ளிகேஷன் போடல?" என்று கேட்டேன்.

துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்குக் கூட்டிக்கிட்டு அலைய ஒங்க அத்தா இருக்காரு. எனக்கு யாரு இருக்கா? நீ சேந்துட்டா நான் கேப்பேன்னு எங்க அத்தாவுக்குத் தெரியும். அதான் ஒனக்கு மாப்பிள்ளை பாக்குறாரு."

கொஞ்சம் நின்று, "எனக்குப் பாத்து வெச்சிருந்த மாப்பிள்ளையை," என்றாள்.

என்னை அவள் பார்த்த பார்வையில் தோழமை ஏதும் இல்லை. அவள் உண்மையைச் சொன்னது எனக்கு உதவ அல்ல, வலிக்க வைக்க. வலித்தது.

டெல்லியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஓ லெவல் ஐந்து பாடமும் ஏ லெவல் மூன்று பாடமும் சேர்த்து, இந்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குச் சமம் என்று தெளிவாக இருந்தது. நானும் அத்தாவும் மறுநாளே கல்லூரிக்குப் போனோம். அத்தா அன்று வெளிநாட்டில் வாங்கிய சட்டையைப் போட்டிருந்தார்.

சூப்பிரண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"சமம்னுதான் போட்டிருக்கு," என்றார். "சேத்துக்கன்னு போடலியே."

"சமம்னா சேக்கலாம்தானே சார்?" என்றார் அத்தா.

"அது டெல்லிக்காரன் சொல்றது பாய். நாங்க இருக்கறது திருச்சி யூனிவர்சிட்டிக்குக் கீழ. அவங்க எலிஜிபிலிட்டி கொடுக்கட்டும், பாப்போம். அதுக்குள்ள சீட் இருந்தா ஒங்க அதிர்ஷ்டம்."

சமம்தான், ஆனால் சேர்க்க முடியாது. இந்த வாக்கியத்தைப் பிறகு பல வருடம் என் மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். படிப்புக்கு மட்டும் பொருந்துகிற வாக்கியம் இல்லை அது.

பேருந்தில் திரும்பும்போது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். வண்டி முழுக்கத் தூசி. அத்தா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வுட்டுருவோம்மா. பிரைவேட்டா ப்ளஸ் டூவை மறுபடி எழுதிரு. நீ எழுதிருவ."

"எழுத மாட்டேன்."

"ஒரு வருசந்தானே."

"பாஸ் பண்ணதை எதுக்குத்தா மறுபடி எழுதணும்? நீங்கதானே அந்த ஸ்கூல்ல சேத்தீங்க? இப்ப அது ஸ்கூலே இல்லன்னு ஒத்துக்குறீங்களா?"

 பெரம்பலூரில் இறங்கியதும் அத்தா என்னை ஊருக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டு நேரே அண்ணன் கடைக்குப் போனார். திருச்சி பல்கலைக்கழகத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டபோது வர மறுத்துவிட்டார்.

திருச்சிக்கு அம்மா வந்தார். அத்தா இல்லாமல் அம்மா டவுனைத் தாண்டியதே கிடையாது. பேருந்தில் வாந்தி எடுத்தார். பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்று கொடுக்கும் பிரிவில் இருந்த ஆள் எங்கள் காகிதங்களை வாங்கி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"அடுத்த வாரம் காலேஜ்ல சீட் முடிஞ்சிரும் சார்," என்றேன்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

அம்மா அந்த அறை வாசலிலேயே வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார். புர்க்காவை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

"அம்மா, எந்திரிங்க. இது ஆபீஸ்," என்றார் அந்த ஆள் வெளியே வந்து.

"ஆபீஸ்னுதாங்க வந்திருக்கோம்."

"இங்கெல்லாம் ஒக்காரக் கூடாது."

"அப்ப உள்ள நாற்காலி போடுங்க."

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி வந்து பார்த்துவிட்டு ஒரு பெண்ணைத் தொட்டு எழுப்ப முடியாமல் போய்விட்டான். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தும் அம்மா அங்கேயே இருந்தார். கடைசியில் அந்தப் பிரிவின் அதிகாரி, ஒரு பெண், கதவைத் திறந்து என்ன விஷயம் என்று கேட்டார். டெல்லிக் காகிதத்தைப் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று உள்ளே திரும்பி அந்த ஆளிடம் கேட்டார். எங்கள்மீது இரக்கப்பட்டுக் கேட்ட மாதிரி இல்லை. தன் வாசலில் கூட்டம் போட வைத்துவிட்டானே என்கிற எரிச்சலில் கேட்ட மாதிரி இருந்தது. எதுவானால் என்ன. சாயங்காலம் தகுதிச் சான்று கைக்கு வந்தது. அந்த ஆள் அதை என் கையில் கொடுக்காமல் மேசையில் போட்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா வழி முழுவதும் தூங்கினார். நான் தூங்கவில்லை. மறுநாள் சூப்பிரண்டு முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அம்மாவோடு போய் நின்றேன். அவர் முகம் மாறவே இல்லை.

"எலிஜிபிலிட்டி வந்துருச்சா? நல்லது," என்றார். "ஆனா ஒங்க அப்ளிகேஷன் இப்ப இங்க இல்லியேம்மா. வித்ட்ரா பண்ணிட்டாங்களே."

"யாரு?"

"ஒங்க வூட்டுலேந்துதான். ஒங்க பெரியப்பா வந்து சொல்லிட்டுப் போனாரே. கல்யாணம் முடிவாயிருச்சு, பொண்ணு படிக்க வரலன்னு. கடைசியா இருந்த சீட்டை வெயிட்டிங்ல இருந்த புள்ளைக்குக் கொடுக்கப் போறோம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.  

பெரம்பலூர் கடைக்கு நேரே போனோம். பெரியத்தா கல்லாவில் இருந்தார். அத்தா உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் நின்று யாருக்கோ சரக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அம்மா அதுவரை பெரியத்தாவுக்கு முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. அத்தாவைப் பார்த்து மட்டும் பேசினார்.

"இந்தாங்க, ஒங்க பொண்ணு அப்ளிகேஷனை எடுத்துக்கச் சொல்லி நீங்க சொன்னீங்களா?"

அத்தா புரியாமல் பார்த்தார். "இல்லியே."

"ஒங்க அண்ணன் போய்ச் சொல்லியிருக்காரு."

பெரியத்தா மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது. எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஆமா சொன்னேன்," என்றார். "அந்த காலேஜ்ல புது பில்டிங்குக்கு நம்ம கடைலேந்துதான் கம்பி, சிமெண்ட் எல்லாம் போவுது. சூப்பிரண்டு நம்ம ஆளு மாதிரி. கேட்டாரு, சொன்னேன். குடும்பத்துல பெரியவன் நான் இருக்கேன்ல? ஒனக்கு ஒண்ணும் தெரியாதுடா தம்பி. வெளிநாட்டுல இருந்தே கெட்டுட்ட. பொம்பளப் புள்ளைய அலைய வுட்டு வேடிக்கை பாக்குற."

அத்தா கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"என்னைக் கேக்காம எம் பொண்ணுக்கு நீங்க எப்படிண்ணே பேசலாம்?"

"ஒனக்கே நான்தாண்டா பேசுறேன். ஒனக்குச் சோறு போடுறவன் பேசுவான்."

 அத்தா உள்ளே போனார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். செருப்பைத் தேடி மாட்டினார்.  "வாங்க, காலேஜுக்குப் போவோம்," என்று எங்களிடம் சொன்னார்.

மூன்று பேரும் மறுபடி அரியலூர் பேருந்தில் ஏறினோம். சூப்பிரண்டு மேசைக்கு முன்னால் அத்தா இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு அப்ளிகேஷனை எடுத்துக்கறேன்னு நான் எழுதிக் கொடுத்தேனா?"

"ஒங்க அண்ணன்தான் பாய்..."

"எங்க அண்ணன் அவளுக்கு அத்தா இல்ல. என் கையெழுத்து இருந்தா காட்டுங்க. அவ கையெழுத்து இருந்தா காட்டுங்க. ரெண்டும் இல்லன்னா யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"சத்தம் போடாதீங்க."

"போடல. போடணும்னா பிரின்சிபால் ரூம்ல போடுறேன். இல்ல திருச்சிக்குப் போயி, எலிஜிபிலிட்டி குடுத்தவங்ககிட்டயே, இப்படி ஒரு காலேஜ் இருக்குன்னு எழுதிக் குடுக்குறேன். எம் பொண்டாட்டி அந்த வராண்டாவுல ஒரு பகல் முழுக்க ஒக்காந்தா. நான் ஒரு மாசம் ஒக்காருவேன். எனக்கு இப்ப வேலை இல்ல."

சூப்பிரண்டு எழுந்து பிரின்சிபால் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பி.எஸ்சி. வேதியியல். பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'தற்காலிகம்' என்று எழுதினார்.

"எதுக்கு சார் தற்காலிகம்?" என்று கேட்டேன்.

"சேத்தாச்சுல்ல? போம்மா."

அன்றே நாங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்யவில்லை. ஆனால் முன்பாதி வழியாக யாரும் போகவில்லை. பின்கதவைப் பயன்படுத்தினோம். சில வாரங்களில் பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. அத்தாவுக்கு மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் சரக்கு பார்க்கும் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது பெரியத்தா வாசலில் நின்றார். "திரும்பி வருவீங்க" என்றார். நாங்கள் திரும்பிப் போகவில்லை.

குவைத் மாப்பிள்ளைக்குப் பெரியத்தாவின் மகளையே கொடுத்தார்கள். அழைப்பிதழ் தபாலில் வந்தது. ஒரே மாவட்டத்துக்குள், ஒரே ரத்தத்துக்குள், தபாலில். அத்தா பிரித்துப் பார்க்கவில்லை.

கல்லூரியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஏ லெவல்' என்றார்கள். வேதியியல் வகுப்பில் எனக்குத் தெரிந்த பாடங்களே நடந்தன. கையை உயர்த்திப் பதில் சொன்னால், "இங்க அப்படிச் சொல்லக் கூடாது, புத்தகத்துல இருக்கற மாதிரி சொல்லு" என்றார்கள். சொல்வதை நிறுத்திக்கொண்டேன். என் எதிரி வேதியியல் அல்ல, தமிழ். எல்லாரும் தமிழ் எழுதியே ஆகவேண்டும், அந்தக் கல்லூரியில் வேறு மொழி கிடையாது. எனக்கு வீட்டில் பேசத் தெரியும். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் தெரியாது. தமிழம்மா என் முதல் விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினார். "சொந்த பாஷையை எழுதத் தெரியல, வெள்ளைக்காரன் பரிச்சையில ஏ கிரேடாம்" என்றார். றகரமும் ரகரமும் நான் மாற்றிப் போட்ட இடங்களில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

தமிழ்த் தாளில் தோற்றேன். மறுபடி எழுதித் தோற்றேன். நான் தமிழ் கற்றது அன்பினால் என்று சொன்னால் பொய். அந்தம்மாளை வெறுத்து, அந்த வெறுப்பிலேயே உட்கார்ந்து கற்றேன். நாளிதழ்களை வரி வரியாகப் பார்த்து எழுதினேன். அத்தா கொண்டுவரும் மருந்துப் பொட்டலக் காகிதங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசி வருடத்தில் அந்தத் தாளைத் தாண்டியபோது தமிழம்மா, "பரவால்லியே" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் என் ஹால் டிக்கெட் மட்டும் சூப்பிரண்டிடம் நின்றுவிடும். "நீ தற்காலிகம்ல, யூனிவர்சிட்டிலேந்து கன்ஃபர்ம் ஆகணும்." ஆகியிருக்கிறது என்று எழுத்தில் காட்டுவேன். "இது பழசு" என்பார். ஒரு தேர்வின்போது, "அரியலூர் தனி ஜில்லாவாயிருச்சு, புது முகவரிக்கு வரணும்" என்றார். அடுத்த வருடம் அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அதையும் காரணமாகச் சொன்னார். அத்தா ஒவ்வொரு முறையும் கடையில் சொல்லிக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்காருவார். ஹால் டிக்கெட் வந்துவிடும். இருவரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

பட்டம் வாங்கினேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது, நடத்தை என்ற இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் 'நன்று' என்று போட்டிருந்தது. எனக்கு 'திருப்திகரம்'.

"இது ஏன் சார்?"

"திருப்திதானேம்மா? அதுல என்ன கொறை?"

மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் இன்னொரு முறை நிற்க எனக்கு விருப்பம் இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குக் கொடுத்தேன். நேர்காணல் செய்தவர் ஏ லெவல் சான்றிதழை ஒரு நொடி பார்த்தார். அதைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நடத்தையையும் பார்க்கவில்லை. "தூசி ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை பேர் இத்தனை வருடம் அடித்துக்கொண்ட அந்தக் காகிதம் அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. குவைத்திலிருந்து. பெரியத்தாவின் மகள்.

"நான்தான் பேசுறேன்," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் முறை. நலம் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

"எம் பொண்ணை ஸ்கூல்ல சேக்கணும். பக்கத்துல ரெண்டு ஸ்கூல் இருக்கு. ஒண்ணு நம்ம நாட்டு சிலபஸ், அதுல எடம் கெடைக்கல. இன்னொண்ணு ஒன்னோட சிலபஸ். நாளைக்கு ஊருக்கு வந்தா காலேஜ்ல சேப்பாங்களா?"

"சேப்பாங்க."

"நெசமா செல்லுமா?"

"செல்லும். டெல்லில சமம்னு வாங்கணும். அப்புறம் யூனிவர்சிட்டில எலிஜிபிலிட்டி வாங்கணும். தமிழ் வூட்டுலயே எழுதக் கத்துக் குடுத்துரு. அப்புறம் சண்டை போடணும்."

"யாரோட?"

யாரோடு என்று அவளுக்கே தெரியும். 

"எங்க அத்தா முன்ன மாதிரி இல்ல," என்றாள். "பேத்தி டாக்டராவணும்ங்கறாரு."

"அப்படியா," என்றேன்.

"நான் அவரைக் கேட்டேன். எனக்கு மட்டும் ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு. அதுக்குப் பதில் சொல்லல."

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் போலவே அவளும் கோபமாகத்தான் இருந்தாள். வைக்கிறேன் என்று சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அத்தா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா போன்ல?" என்றார். சொன்னேன். அவள் கேட்டதையும் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"செல்லும்னு சொன்னேன். என்னென்ன வாங்கணும்னு சொன்னேன்."

"சொல்லியிருக்க வேணாம்," என்றார் அத்தா. "அவங்களும் அலையட்டும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "அவ பொண்ணு சின்னப் புள்ளைங்க. அது என்னங்க பண்ணுச்சு?" என்றார். அத்தா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.